பாஸ்வேர்ட் கேட்கவில்லை

நெடுந்தீவு இறங்குதுறையிலிருந்து உள்ளே வரும் வீதியில் இருக்கிறது மரியதாசனின் கடை. போட்டோக்கொப்பி எடுப்பார்கள், கடிதம் தட்டுவார்கள், ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார்கள். தாசனும் அவனுடைய மனைவி மேரிசுகந்தியும்தான் கடையை நடத்துகிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கிறார்கள்.

கடையில் உள்ள இரண்டு கணினிகளிலும் விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். ஒன்பது வருடத்துக்கு முன், வருகிறவர்கள் செருகிய பென்ட்றைவ்களால் வைரஸ் ஏறி இரண்டும் படுத்துவிட்டபோது, புளியங்கூடலில் இருந்துவந்து ஊர்காவற்றுறையில் கணினிக் கடை வைத்திருந்த உதயன் அதைப் போட்டுக் கொடுத்தான். போட்டுக் கொடுத்தானே தவிர, பிறகு வந்து எட்டிப் பார்க்கவில்லை. மிச்சத்தைத் தாசன் தானாகத்தான் பிடித்தான். அது இலேசாக இருக்கவில்லை. அப்போது தீவில் இணையம் பேருக்குத்தான். பிறிண்டரை வேலைசெய்ய வைப்பதற்கு வேண்டிய கோப்பை யாழ்ப்பாணத்தில் இறக்கி, பென்ட்றைவில் போட்டுக்கொண்டு குறிகட்டுவான் துறையில் லோஞ் ஏறிக் கடல் தாண்டி வருவான். வந்து போட்டால், இது ஓடுவதற்கு இன்னொன்று வேண்டும் என்று திரையில் எழுத்து வரும். அடுத்த நாள் திரும்பவும் கடல். கொண்டுவந்த அந்த இன்னொன்றுக்கு வேறு இரண்டு வேண்டும். அந்தப் பிறிண்டருக்குப் பதினொரு நாள் சென்றது. முதல் தாள் எழுத்தோடு வெளியே வந்தபோது கடையில் நின்ற சனம் அவனை ஒரு டொக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

அந்தப் பார்வை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு சின்ன வேலை என்றாலும் கறுப்புத் திரையைத் திறந்து வரிவரியாகத் தட்டித்தான் செய்வான். கணினியில் எதையும் புதிதாக ஏற்றுவதற்கு ஒரு பாஸ்வேர்ட் இருந்தது. அதை அவன் எவருக்கும் சொல்லவில்லை, சுகந்திக்கும் சொல்லவில்லை. திரை அதைக் கேட்கும்போது அவளைக் கதிரையை விட்டு எழுப்பி, தான் இருந்து, கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தட்டுவான்.

"எனக்கும் சொல்லித் தாங்கோவன்," என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"உது விளையாட்டில்லை சுகந்தி. ஒரு எழுத்துப் பிழைச்சால் முழுக்கப் போயிடும்."

அவள் பிறகு கேட்கவில்லை. தட்டச்சு அவளுடைய வேலை. அதில் அவளை விடக் கெட்டிக்காரர் தீவில் இல்லை. கையெழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் வாசித்துவிடுவாள். ஆனால் தட்டச்சு எவருக்கும் வரும் என்றும், கணினியை ஆளத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்றும் தாசன் நினைத்திருந்தான்.

போன வருடத்திலிருந்து சுகந்தி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள். திருநாள் நோட்டீஸ், திருமண அழைப்பு, நினைவு மலர் எல்லாவற்றுக்கும் ஊரார் யாழ்ப்பாணம் போகிறார்கள். ஸ்கிரைபஸ் என்று ஒரு புறோகிறாம் இருக்கிறதாம், அதைப் போட்டால் இங்கேயே பக்கம் வடிவமைத்துக் கொடுக்கலாம்.

"அதுக்கு நூறு சாமான் வேணும்," என்றான் தாசன். "ஆறுதலாப் பாப்பம்."

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவள் பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலை அவன் அதைப் போட்டுப் பார்த்திருந்தான். கறுப்புத் திரை முழுக்கப் பிழைச் செய்திகள் வந்தன. ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு, பழையபடி ஆக்கி, மூடிவிட்டு எழும்பினான்.

ஆவணி மாதத்தில் தமையனுக்குச் சத்திரசிகிச்சை என்று தாசன் மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் நிற்கவேண்டியிருந்தது. திரும்பி வந்து இறங்குதுறையிலிருந்து நடந்தபோது மாதா கோயில் மதிலில் திருநாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நின்று பார்த்தான். மாதாவின் படத்தைச் சுற்றி மெல்லிய நீலக் கரை. நவநாள் பூசை விபரங்கள் இரண்டு நிரையாக, ஓர் எழுத்துக்கூட நெளியாமல். யாழ்ப்பாணத்து வேலை என்று நினைத்தான்.

பங்குச் சுவாமியார் அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "பாத்தீரோ தாசன்? உம்மட மனிசி நல்ல வடிவாச் செய்திருக்கிறா. உவ்வளவு கெட்டித்தனத்தையும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீர்?"

தாசன் சிரித்தான். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

கடையில் சுகந்தி ஒரு பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுத்துக்கொண்டு நின்றாள். அவன் பையைக்கூட வைக்கவில்லை.

"அந்த நோட்டீசை எதில செய்தனீர்?"

அவளுக்கு முகம் மலர்ந்தது. இதைக் காட்டத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தவள்போல அவனைத் திரைக்கு முன் இருத்தினாள். "ஸ்கிரைபஸ்தான். ஒரு ஃபைலா இருக்கு, எல்லாம் அதுக்குள்ளையே இருக்காம். இறக்கிப்போட்டு, இதில வலப்பக்கம் அமத்தி, 'இதை ஓட விடலாம்' எண்டதில சரி போட்டனான். பிறகு ரெண்டு தரம் தட்ட, திறந்திட்டுது."

"பாஸ்வேர்ட் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"கேட்டிருக்கும். நீர் கவனிச்சிருக்க மாட்டீர்."

"இல்லையப்பா, கேக்கேல்லை. இஞ்சை பாருங்கோ." அவள் அதை மூடித் திரும்பவும் திறந்து காட்டினாள். ஒன்றும் கேட்காமல் திறந்தது.

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"இறக்கினதோட ஒரு இருபது நிமிசம் வரும்."

நல்லது என்று சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. "கண்ட இடத்தில கண்டதை இறக்கப்படாது," என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அன்று பின்னேரம் அவனால் ஒன்றிலும் மனம் வைக்க ஏலவில்லை. இருபது நிமிடம் என்ற சொல் மண்டைக்குள் நின்று கடைந்தது. தானாக அவளுக்கு இது வந்திருக்காது, யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. யார்? அவள் குசினிக்குள் நின்ற நேரம் அவளுடைய கைபேசியை எடுத்துப் பார்த்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒன்றை அவன் செய்ததில்லை. பிள்ளைகளின் எண்கள், தமக்கையின் எண், சுவாமியார். உதயனின் எண் இருந்தது. ஆனால் அது எப்போதும் இருந்த எண்தான். அழிக்கப்பட்ட அழைப்பு இருக்கலாம் அல்லவா?

அடுத்த நாள் கடற்கரைப் பக்கம் தனியாகப் போய் நின்று உதயனுக்கு அழைத்தான். வேறு கதைகள் கதைத்துவிட்டு, பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"ஏன் மச்சான், உந்த ஸ்கிரைபஸ் ஆரும் உன்னட்டைப் போடச் சொல்லிக் கேக்கிறவையோ?"

"ஆர் இப்ப உதெல்லாம் என்னட்டைக் கேக்கிறது? இறக்கித் தட்டினால் ஓடும்."

"சுகந்தி ஒருக்கால் எடுத்துக் கேட்டதெண்டு சொன்னவ போல..."

"சுகந்தியோ? இல்லையே. அவவோட கதைச்சு ரெண்டு வரியம் இருக்கும். ஏன், உன்ர கொம்பியூட்டரில பழைய லினக்ஸ்தானோ இன்னும் கிடக்கு? அதை மாத்தன்ரா. இப்ப எல்லாம் சரியான லேசு."

தாசன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். இன்னொருத்தன் சொல்லிக் கொடுத்திருந்தால் கோபிக்கலாம், சண்டை பிடிக்கலாம். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் இணையத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வாசித்திருக்கிறாள், செய்திருக்கிறாள், முடிந்துவிட்டது. அவன் பதினொரு நாள் கடலில் போய்வந்து பெற்றதை அவள் கதிரையை விட்டு எழும்பாமல் பெற்றுவிட்டாள்.

திருநாள் முடிவதற்குள் கடையின் நடப்பு மாறிவிட்டது. முன்பு வாசலில் நின்றே "அண்ணை" என்று கூப்பிடுகிறவர்கள், இப்போது அவனைத் தாண்டித் தலையை நீட்டி "அக்கா நிக்கிறாவோ?" என்று கேட்டார்கள். கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் அழைப்பிதழ் அவளிடம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பரிசளிப்புச் சான்றிதழ் வந்தது. பிரதேச செயலகத்தில் வேலைசெய்யும் நிலுஜா தன்னுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்தபோது தாசன் எழும்பிக் கை நீட்டினான்.

"இல்லை அண்ணை, இது அக்காவோட கதைச்சனான்," என்றாள் நிலுஜா. அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குக் கூடுதலாகச் சுட்டது.

அன்றைக்கு நிலுஜாவின் கணினியில் தமிழ்த் தட்டச்சைச் சுகந்தி போட்டுக் கொடுத்தாள். மென்பொருள்கள் அடுக்கியிருந்த, கடைப் படம் போட்ட ஒன்றைத் திறந்தாள், பெயரைத் தேடினாள், ஒரு பொத்தானை அமத்தினாள். கறுப்புத் திரை வரவே இல்லை. நிலுஜா போன பிறகு சுகந்தி ஏதோ ஒரு பாட்டை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டு மேசையைத் துடைத்தாள். அவள் கடையில் பாடி அவன் கேட்டதில்லை. போட்டோக்கொப்பி மெசினுக்குத் தாள் வைப்பதுபோலக் குனிந்து நின்று, அவளுக்கு இது ஒருநாள் பிழைக்கவேண்டும் என்று அவன் நினைத்தான். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நினைப்புப் போகவில்லை.

புரட்டாதியில் அரியநாயகம் மாஸ்ரரின் மனைவி காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடவேண்டும் என்று மாஸ்ரர் ஒரு கட்டுக் கடதாசியும் பழைய படங்களும் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற அதிபர். தாசனுக்கு எட்டாம் வகுப்பில் கணிதம் படிப்பித்தவர். அவர் நேரே சுகந்திக்கு முன்னால் போய் இருந்தார்.

"பிள்ளை, நாற்பது பக்கம் வரும். அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு அனுப்பினாத்தான் சரி. உம்மை நம்பித்தான் கொண்டுவந்தனான்."

"செய்யலாம் மாஸ்ரர்."

தாசனிடம் அவர் திரும்பி, "நீரும் ஒத்தாசையா இருமன்," என்றார்.

ஒத்தாசை. அந்தச் சொல்லோடு ஐந்து நாள் அவன் இருந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுகந்தி சமைக்க வீட்டுக்குப் போனதும் கடைக் கதவைப் பாதி சாத்தினான். கறுப்புத் திரையைத் திறந்து, பாஸ்வேர்ட்டைக் கொடுத்து, கணினி தொடங்கும்போது வாசிக்கும் ஒரு கோப்புக்குள் போனான். வேலை செய்கிறவரின் கோப்புகள் இருக்கும் பகுதியிலிருந்து எந்தப் புறோகிறாமும் ஓடக்கூடாது என்று ஒரு சொல்லை அதில் சேர்த்தான். ஒரேயொரு சொல். கணினியை நிறுத்தித் தொடக்கி, ஸ்கிரைபஸை இரண்டு தரம் தட்டினான். திறக்கவில்லை. மற்றக் கணினியிலும் அப்படியே செய்தான். எந்த இடத்திலும் தடக்குப்படாமல், ஒரு பிழைச் செய்தியும் வராமல், ஒன்பது வருடத்தில் அவன் செய்ததில் மிகச் சுத்தமான வேலை அது.

சுகந்தி வந்து திறந்து பார்த்தாள். திரும்பத் திரும்பத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, இது வேலை செய்யுதில்லை."

"நான் அப்பவே சொன்னனான். உப்பிடி இறக்கிறதுகளை ஒரு நாளைக்கு லினக்ஸ் தானா நிப்பாட்டிப் போடும். பாதுகாப்புக்கு."

"மாஸ்ரரின்ர வேலை பாதியில நிக்குது. நீங்கள் ஒருக்கால் பாருங்கோவன்."

அதைத்தான் அவன் கேட்க விரும்பியிருந்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். சரியான முறையில், தன்னுடைய முறையில் ஸ்கிரைபஸைப் போட்டுக் கொடுத்துவிட்டால் கதை முடிந்துவிடும்; மலரும் வெளிவரும், யார் செய்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். வரிகளைத் தட்டினான். கணினி தேடியது, கிடைக்கவில்லை என்றது. அவனுடைய லினக்ஸ் பழையது. அதற்குரிய மென்பொருள்கள் வைக்கப்பட்டிருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. வேறு இடத்தைக் கொடுத்தான். பாதி வந்து, மற்றது பொருந்தவில்லை என்று நின்றது. புதன்கிழமை முழுவதும் அதில் போனது. வியாழன் காலை, அவன் ஏற்றியதில் ஏதோ ஒன்று முட்டி, பிறிண்டரும் வேலை செய்யாமல் விட்டது.

மாஸ்ரர் வந்து ஒரு பக்கமாக இருந்துகொண்டு அவனுடைய முதுகைப் பார்த்தார். "தம்பி, ஏலாதெண்டால் சொல்லும். நான் யாழ்ப்பாணத்தில குடுக்கிறன். ஆனா நாள் இல்லை."

"ஏலும் மாஸ்ரர்," என்றான் தாசன்.

அந்த ஒரு சொல்லை இப்போதே எடுத்துவிடலாம் என்று நினைத்தான். எடுத்தால் அவளுடைய ஸ்கிரைபஸ் உடனே திறக்கும். திறந்தால், இரண்டு நாள் தான் பட்ட பாடு எல்லாம் என்னத்துக்கு என்று அவள் கேட்பாள். அவன் எடுக்கவில்லை.

சுகந்தி மற்றக் கணினிக்கு முன்னால் இருந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். மாஸ்ரர் தேத்தண்ணி குடிக்க வெளியே போனதும் குரலை உயர்த்தாமல் கூப்பிட்டாள். "இதைப் பாருங்கோ."

திரையில் அந்தக் கோப்பு. "இதை மாத்தத்தான் பாஸ்வேர்ட் வேணும், வாசிக்கிறதுக்குத் தேவையில்லை," என்றாள். "நான் அந்தப் பிழைச் செய்தியைத் தேடிப் பாத்தனான். இப்பிடி ஒரு சொல்லு இருந்தால் ஓடாதெண்டு போட்டிருக்கு. இருக்குது. ரெண்டிலயும் இருக்குது." விரலால் கீழே காட்டினாள். "கடைசியா மாத்தின நேரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒண்டு பத்து. நான் வீட்டை மீன் வெட்டிக்கொண்டு நிண்ட நேரம்."

தாசன் கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுக்கக் கை நீட்டி, பாதியில் எடுத்துவிட்டான்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்," என்றாள். "பிடிக்கேல்லையெண்டு சொல்லியிருந்தால் நான் உதைத் தொட்டிருக்க மாட்டன்."

"எனக்குப் பதினொரு நாள் எடுத்தது," என்றான் அவன். அதற்கு என்ன பொருள் என்று அவனுக்கே தெரியவில்லை.

"தெரியும். நான்தானே ஒவ்வொரு நாளும் துறையில வந்து பாத்துக்கொண்டு நிண்டனான்." அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. பென்ட்றைவில் மலரின் கோப்புகளை ஏற்றினாள். "மாஸ்ரர் வீட்டில மகளின்ர மடிக்கணினி கிடக்கு. நான் அங்கை போய், அதில ஸ்கிரைபஸை இறக்கிச் செய்யிறன்."

அவள் மாஸ்ரரோடு போய்விட்டாள். தாசன் இரண்டு கணினிகளிலும் அந்தச் சொல்லை அழித்தான். தொடக்கிப் பார்த்தான். ஸ்கிரைபஸ் திறந்தது. பார்க்க ஒருவரும் இல்லை. வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொன்னான். மூன்றாவதாக ஒருவர் வந்து "அக்கா இல்லையோ?" என்றதும் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

மாஸ்ரர் வீட்டு விறாந்தையில் அவள் மேசைக்கு முன் இருந்தாள். மாஸ்ரர் பக்கத்தில் இருந்துகொண்டு, "இந்தப் படத்தில அவவின்ர மூக்குத்தி தெரியுது, இதையே முன்னுக்குப் போடுவம் பிள்ளை," என்று சொல்லிக்கொண்டிருந்தார். படலையில் நின்ற தாசனுக்கு, இப்போதும், இந்த நேரத்திலும், அவளுக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடத்தின் மேல் எரிச்சல் வந்தது. அப்படியே திரும்பிப் போனால் என்ன என்று ஒரு கணம் நின்றான். பிறகு உள்ளே போனான்.

"மாஸ்ரர், கொம்பியூட்டர் பழுதாகேல்லை. நான்தான் ஓடாமல் செய்தனான்."

சுகந்தி திரும்பவில்லை. மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் எண்டு நான் கேக்கேல்லை," என்றார். "எனக்கு அவவின்ர மலர் நாளைக்குப் போகவேணும். நிண்டுகொண்டிருக்காமல் இரும். முதல் இருபது பக்கம் முடிஞ்சுது. எழுத்துப் பிழை பாரும்."

தாசன் ஒரு கதிரையை இழுத்து இருந்து, சிவப்புப் பேனையால் பிழை பார்த்தான். அதிகம் இருக்கவில்லை. பதினேழாம் பக்கத்தில் ஒரு மருமகனின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு அளவுக்கு மிஞ்சிய சந்தோசம் வந்தது. கோப்பு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போனது.

நான்கு நாள் சுகந்தி அவனோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். ஐந்தாம் நாள், இரண்டு கணினிகளையும் அழித்துப் புது லினக்ஸ் போடவேண்டும் என்றாள். தன்னுடைய பெயரில் தனிக் கணக்கு, தனக்கென்று பாஸ்வேர்ட், அவனுக்கு இருக்கும் எல்லா உரிமையும். அவன் ஓம் என்றான். போடுவதற்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. செருகிய உடனேயே, எதுவும் கேட்காமல், பிறிண்டர் தாளைத் தள்ளியது. தாசன் அந்தத் தாளைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"சும்மா பாக்கிறன்," என்றான், அவள் கேட்காமலே.

கார்த்திகையில் ஒருநாள் கடையில் தொலைபேசி அடித்தது. நயினாதீவிலிருந்து கிறிஸ்ரினா என்று ஒருத்தி. சனசமூக நிலையத்துக்கு நாலு பழைய கணினி கிடைத்திருக்கிறது, லினக்ஸ் போட்டால் எல்லாம் செய்யலாம் என்று நெடுந்தீவில் ஆரோ சொன்னார்களாம், போடுவது சரியான கஷ்டமோ என்று கேட்டாள்.

தாசனுக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. கஷ்டம்தான் பிள்ளை, நான் வந்து செய்து தாறன் என்று சொன்னால் அவள் நம்புவாள்.

"முந்திக் கஷ்டம்," என்றான். "இப்ப அப்பிடியில்லை. பொறும், இஞ்சை தெரிஞ்சவ நிக்கிறா."

தொலைபேசியைச் சுகந்தியிடம் நீட்டினான். அவள் வாங்கி, "ஓம், சொல்லுங்கோ," என்று தொடங்கினாள். வெளியே போகலாம் என்று எழும்பியவன் போகவில்லை. கொப்பி மெசினில் சாய்ந்து நின்று, அவள் சொல்வதில் எங்காவது ஒரு இடத்திலாவது தான் குறுக்கிட்டுத் திருத்தவேண்டி வருமா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றான். வரவில்லை.